கிஸ்மிஸ் ஒரு கப் என்றால் எத்தனை கிராம்? உலர் பழ அளவுகளை எடைக்கும் கொள்ளளவுக்கும் மாற்ற ஒரு முழு வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் போய் "அண்ணா, கிஸ்மிஸ் ரெண்டு கப் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "கப்புக் கணக்கெல்லாம் நமக்கு ஆகாதுங்க, கால் கிலோவா அரைக் கிலோவா?" என்றுதான் பதில் வரும். கடையில் எல்லாம் கிலோக் கணக்கு. வீட்டுக்கு வந்து கைப்பேசியைத் திறந்தால் சமையல் குறிப்பு முழுக்கக் கப், டம்ளர், மேசைக்கரண்டி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய கணக்கில்லை, ஆனால் இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டால் பாயசத்தில் தெரியாது, கேக்கில் தெரிந்துவிடும்.

அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருக்கிறது, படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 250 மி.லி. கப்பில் தலைதட்டி அளந்த கிஸ்மிஸ் சுமார் 150 கிராம். 200 மி.லி. டம்ளரில் சுமார் 120 கிராம். ஒரு மேசைக்கரண்டியில் 9 கிராம். நறுக்கிய பேரீச்சைக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். இதை வைத்து இன்றைய வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

கப்பில் பாதிக்கு மேல் காற்று

தண்ணீருக்கு 250 மி.லி. என்றால் 250 கிராம். எண்ணெய், பால் எல்லாம் அதற்கு அக்கம்பக்கம். உலர் பழம் அப்படியில்லை. ஒரு கிஸ்மிஸை மட்டும் எடுத்துத் தண்ணீரில் போட்டால் மூழ்கும், ஏனென்றால் அது தண்ணீரைவிட அடர்த்தியானது. அதே கிஸ்மிஸ் ஒரு கப் நிறைய இருந்தால் எடை 150 கிராம்தான். மிச்ச இடத்தில் இருப்பது காற்று.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பார்க்கலாம். 250 மி.லி. கப்பில் கிஸ்மிஸைத் தலைதட்டி நிரப்புங்கள். வேறொரு கப்பில் அளந்து வைத்த தண்ணீரை அதில் விளிம்பு வரை ஊற்றுங்கள். நூறு மி.லி.க்கு மேல் உள்ளே போகும். பழம் ஊறத் தொடங்குமுன் சட்டென்று பார்த்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரை வீணாக்காமல் கிஸ்மிஸோடு சேர்த்துக் குடித்துவிடுங்கள்.

அளவு மாறுவதற்கெல்லாம் மூலகாரணம் இந்தக் காற்றுதான். அழுத்தினால் காற்று வெளியேறும், எடை கூடும். நறுக்கினால் துண்டுகள் நெருங்கி உட்காரும். பெரிய துண்டாக இருந்தால் இடுக்கு அதிகம். கப்பின் சுவரை ஒட்டிய இடத்தில் பழம் சரியாகப் பொருந்தாது, அங்கே இடைவெளி கூடும். அதனால் சின்னப் பாத்திரத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியும். ஒரு மேசைக்கரண்டியில் முழு பேரீச்சையை அளக்க முயல்வது வீண்வேலை என்பதும் இதனால்தான்.

அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பட்டியலிலேயே கிஸ்மிஸுக்கு இரண்டு எடை கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஒரு கப்பில் அழுத்தாமல் போட்டால் 145 கிராம், அழுத்திப் போட்டால் 165 கிராம். கப் ஒன்றே, பழம் ஒன்றே, கைதான் வேறு. அதிலேயே 14 சதவீத வித்தியாசம் வந்துவிடுகிறது. "எந்தப் பழத்துக்கு எத்தனை கிராம்" என்று தேடுவதற்கு முன்னால் "நான் எப்படி அளக்கிறேன்" என்பதைச் சரிசெய்துகொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

முதல் வேலை: உங்கள் கப் எவ்வளவு பிடிக்கும்?

கப் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே கப் இல்லை. அமெரிக்கக் கப் 236.6 மி.லி. ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250. நம் கடைகளில் விற்கும் அளவுக் கப் செட்டுகளில் 240-ம் உண்டு, 250-ம் உண்டு. அடியில் பார்த்தால் எழுதியிருக்கும், சிலவற்றில் எதுவும் இருக்காது. வீட்டு எவர்சில்வர் டம்ளரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்யாணச் சீரில் வந்த டம்ளர் ஒரு அளவு, பாத்திரக்கடையில் வாங்கியது இன்னொரு அளவு.

கப்பைத் தராசில் வைத்து டேர் பட்டனை அழுத்திச் சுழியமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அந்தக் கப்பின் மி.லி. கணக்கு. டம்ளரில் நீங்கள் வழக்கமாக விளிம்பு வரை அளக்காமல், வளையம் போட்ட கோடு வரை அளப்பவராக இருந்தால் அந்தக் கோடு வரை ஊற்றிப் பாருங்கள். கிடைத்த எண்ணை டம்ளரின் அடியில் பெயின்ட் பேனாவால் எழுதிவிடலாம். பாத்திரக்கடையில் பெயர் பொறிப்பவரிடம் கொடுத்தால் பெயரோடு சேர்த்து அதையும் பொறித்துத் தருவார்.

கரண்டியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேசைக்கரண்டி பெரும்பாலும் 15 மி.லி., ஆஸ்திரேலியக் குறிப்பில் மட்டும் 20. தேக்கரண்டி எங்கேயும் 5.

இரண்டாவது: தராசை நம்பலாமா?

கடைத் தராசுக்கு அரசு முத்திரை உண்டு. வீட்டில் வாங்கி வைக்கும் டிஜிட்டல் தராசுக்கு யாரும் முத்திரை போடுவதில்லை. பேட்டரி இறங்கியிருந்தாலோ, மேடை சமமாக இல்லாவிட்டாலோ அது தப்பாகக் காட்டும்.

சரிபார்க்க எடைக்கல் தேடி அலைய வேண்டாம். பத்து ரூபாய் நாணயம் போதும். 2011-க்குப் பிறகு வந்த, ₹ குறி போட்ட இரண்டு உலோக நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். பதின்மூன்றை அடுக்கினால் 100 கிராம் வர வேண்டும். 98-லிருந்து 102-க்குள் காட்டினால் சமையலுக்குத் தாராளமாகப் போதும். பேருந்தில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தது வீட்டில் சேர்ந்திருக்குமே, அதற்கு இப்படியொரு உபயோகம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இன்னும் வசதி. அங்கே இருக்கும் தராசு வெள்ளியை நிறுப்பது, உங்கள் தராசை அதோடு ஒப்பிட்டால் தீர்ந்தது.

இன்னொன்று: 5 கிலோ வரை நிறுக்கும் தராசில் 5 கிராம் ஏலக்காயை நிறுத்தால் வரும் எண்ணை அவ்வளவாக நம்ப முடியாது. பழம் 30 கிராமுக்கு மேல் என்றால் கவலையில்லை.

மூன்றாவது: நிரப்பும் விதம்

என் பரிந்துரை இது. பழத்தை முதலில் ஒரு தட்டில் கொட்டி, ஒட்டியிருக்கும் கட்டிகளை விரலால் உதிர்த்துவிடுங்கள். பாக்கெட்டில் கட்டியாகிக் கிடக்கும் கிஸ்மிஸை அப்படியே கப்பில் போட்டால் கட்டிக்கு நடுவே பெரிய பொந்து நிற்கும். பிறகு கையால் அள்ளிக் கப்பில் விழவிடுங்கள். கப்பைத் தட்டக் கூடாது, குலுக்கக் கூடாது, மேலே விரலால் அழுத்தக் கூடாது. நிறைந்ததும் கத்தியின் முதுகால் ஒரே இழுப்பாகத் தலைதட்டுங்கள். விளிம்புக்கு மேலே பாதி துருத்திக்கொண்டிருக்கும் பழத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அதே அளவு பள்ளம் வேறெங்காவது இருக்கும், இரண்டும் சரியாகப் போகும்.

பேரீச்சை, அத்தி போன்ற பிசுபிசுப்பான பழத்துக்குக் கத்தியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் துண்டுகள் ஒட்டாமல் உதிரியாக விழும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பேரீச்சையைச் சற்று நேரம் வெளியே வைத்துவிட்டு நறுக்குங்கள். ஊறவைக்கிற பழமாக இருந்தால் ஊறுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். ஊறிய கிஸ்மிஸின் எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கும்.

நான்காவது: உங்கள் எண்ணைக் கண்டுபிடித்தல்

மேலே சொன்னபடி மூன்று முறை நிரப்பி மூன்று முறை நிறுத்துப் பாருங்கள். 200 மி.லி. டம்ளரில் 121, 126, 119 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 366, மூன்றால் வகுத்தால் 122. அதை 200-ஆல் வகுத்தால் 0.61. அதாவது ஒரு மி.லி. இடத்தில் 0.61 கிராம் கிஸ்மிஸ் உட்காருகிறது. இந்த ஒரு எண் கையில் இருந்தால் எந்தப் பாத்திரத்துக்கும் கணக்குப் போடலாம்.

கொள்ளளவிலிருந்து எடைக்குப் போக அந்த எண்ணால் பெருக்க வேண்டும். எடையிலிருந்து கொள்ளளவுக்கு வர அதே எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். குழப்பம் வந்தால் ஒரு ஞாபகம் போதும்: இந்தப் பழங்களில் எதை எடுத்தாலும் கிராம் எண்ணிக்கை மி.லி. எண்ணிக்கையைவிடக் குறைவாகத்தான் வரும். 200 மி.லி. டம்ளருக்கு 328 கிராம் என்று விடை வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கால் கிலோ பாக்கெட் இருக்கிறது, எத்தனை டம்ளர் வரும்? 250 ÷ 0.61 = 410 மி.லி. 200 மி.லி. டம்ளரில் இரண்டு, மேலே ஒரு சின்னக் கையளவு. அரை டம்ளர் வேண்டும், எவ்வளவு வாங்க? 100 × 0.61 = 61 கிராம். கடையில் 50 கிராம் பொட்டலம் ஒன்று போதாது, 100 வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத்தைச் சாப்பிட ஆள் இல்லாத வீடு சேலத்தில் கிடையாது.

தொடக்கத்துக்கு ஒரு பட்டியல்

உங்கள் எண் கிடைக்கும்வரை இதை வைத்துக்கொள்ளலாம். மேற்சொன்ன அமெரிக்கப் பட்டியலின் எடைகளை 250 மி.லி. கப்புக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அடைப்பில் இருப்பது மி.லி.க்கு எத்தனை கிராம் என்ற எண்.

கிஸ்மிஸ், அழுத்தாமல்: 153 கிராம் (0.61)
கிஸ்மிஸ், அழுத்தி: 174 கிராம் (0.70)
பேரீச்சை, கொட்டை நீக்கி நறுக்கியது: 155 கிராம் (0.62)
அத்தி: 157 கிராம் (0.63)
ஆப்ரிகாட், பாதிகளாக: 137 கிராம் (0.55)
ப்ரூன் என்ற உலர் பிளம், கொட்டை நீக்கியது: 184 கிராம் (0.74)
முந்திரி, முழுசும் பாதியுமாக: 145 கிராம் (0.58)
பாதாம், முழுசாக: 151 கிராம் (0.60)
பாதாம், சீவியது: 97 கிராம் (0.39)
பிஸ்தா பருப்பு: 130 கிராம் (0.52)
வால்நட், பாதிகளாக: 106 கிராம் (0.42)
வால்நட், நறுக்கியது: 124 கிராம் (0.49)

உங்கள் கப் 240 மி.லி. என்றால் ஒவ்வொன்றிலும் நான்கு சதவீதம் கழியுங்கள், 150 என்பது 144 ஆகும்.

பட்டியலைச் சற்று உற்றுப் பாருங்கள். பாதாமை முழுசாக அளந்தால் 151, சீவினால் 97. அதே பாதாம்தான், சீவலாக்கியதும் கப்பில் மூன்றில் ஒரு பங்கு எடை காணாமல் போகிறது. வால்நட்டில் தலைகீழ், நறுக்கினால் எடை கூடுகிறது. அதனால் குறிப்பில் "நறுக்கிய வால்நட் ஒரு கப்" என்றிருந்தால் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும். "வால்நட் ஒரு கப், நறுக்கிக்கொள்ளவும்" என்றிருந்தால் அளந்துவிட்டு நறுக்க வேண்டும். எழுதியவர் இவ்வளவு யோசித்து எழுதினாரா என்பது வேறு கதை. கிராமில் எழுதியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

க்ரான்பெர்ரியையும் டூட்டி ஃப்ரூட்டியையும் வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் சர்க்கரைப் பாகும் ஈரமும் துண்டு அளவும் மாறுவதால் கப் எடை கன்னாபின்னாவென்று வேறுபடும். அவற்றை நீங்களே ஒருமுறை நிறுத்து எழுதிக்கொள்வதுதான் வழி.

எண்ணி எடுப்பது சில நேரம் மேல்

பெரிய பழங்களுக்குக் கப்பைவிட எண்ணிக்கை நம்பகமானது. கொட்டை நீக்கிய மெஜூல் பேரீச்சை ஒன்று சுமார் 24 கிராம். சாதாரணச் சின்னப் பேரீச்சை ஒன்று 7 கிராம். ப்ரூன் ஒன்று 9 கிராம் சொச்சம். பாதாம் ஒன்று 1.2 கிராம், ஆக "தினம் பத்து பாதாம்" என்பது 12 கிராம். வால்நட் பாதி ஒன்று 2 கிராம். கிஸ்மிஸ் அரை கிராம், அதை யாரும் எண்ணப் போவதில்லை.

முந்திரிக்குக் கடைக்காரர் சொல்லும் ரகத்திலேயே கணக்கு ஒளிந்திருக்கிறது. டபிள்யூ 240, டபிள்யூ 320 என்கிறார்களே, அது ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு என்ற கணக்கு. 454-ஐ 240-ஆல் வகுத்தால் ஒரு பருப்பு 1.9 கிராம், 320-ஆல் வகுத்தால் 1.4 கிராம். பாயசத்துக்கு ஒரு கிண்ணத்துக்கு மூன்று முந்திரி விழ வேண்டும், நூறு பேர் வருகிறார்கள் என்றால் 320 ரகத்தில் 300 பருப்பு, ஏறக்குறைய 425 கிராம். அரைக் கிலோ வாங்கினால் வறுக்கும்போது வாயில் போடுவதற்கும் சேர்த்துச் சரியாக இருக்கும்.

கொட்டையோடு வாங்கும் பேரீச்சையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொட்டைக்குப் போகும். 150 கிராம் சதை வேண்டுமென்றால் 175 வாங்குங்கள். மாலையாகக் கயிற்றில் கோத்து வரும் அத்தியில் கயிற்றைக் கழற்றிவிட்டு நிறுக்க வேண்டும். கயிற்றின் எடை சொற்பம்தான், ஆனால் அத்தி விலையில் கயிறு வாங்குவானேன்.

ஒன்றாகக் கலந்து அளக்காதீர்கள்

ஒரு கப் வால்நட்டும் ஒரு கப் கிஸ்மிஸும் கலந்தால் இரண்டு கப் வராது. வால்நட்டின் இடுக்கில் கிஸ்மிஸ் போய் உட்கார்ந்துகொள்ளும், மொத்தம் இரண்டு கப்பைவிடக் குறையும். எடை மட்டும் அப்படியே இருக்கும். அதனால் "கலந்த உலர் பழம் 3 கப்" என்று ஒரு குறிப்பு சொன்னால் தனித்தனியாக மூன்று கப் அளந்து கலக்காதீர்கள், குறிப்பு கேட்டதைவிட அதிகமாகப் போய்விடும். பெரும்பாலும் 450 கிராம் என்று எடுத்துக்கொண்டால் தப்பு வராது.

அவுன்ஸ், பவுண்டு, வீசை

அமெரிக்கக் குறிப்பில் "8 அவுன்ஸ் கிஸ்மிஸ்" என்று பார்த்ததும், கப்பில் 8 அவுன்ஸ் என்று எழுதியிருக்கிறதே என்று ஒரு கப் போட்டுவிடுபவர்கள் நிறைய. கப்பில் எழுதியிருப்பது திரவ அவுன்ஸ், அது கொள்ளளவு, ஒன்று 29.6 மி.லி. பழத்துக்குச் சொல்வது எடை அவுன்ஸ், ஒன்று 28.35 கிராம். 8 அவுன்ஸ் கிஸ்மிஸ் என்றால் 227 கிராம், அமெரிக்கக் கப்பில் ஒன்றரைக்கும் சற்று மேல். ஒரு கப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஒரு பவுண்டு கிஸ்மிஸ் 454 கிராம், மூன்று கப் தாராளமாக.

பாட்டி நோட்டில் இருப்பது வேறு ரகம். சென்னை மாகாணக் கணக்கில் ஒரு பலம் 35 கிராம், எட்டு பலம் ஒரு சேர், அதாவது 280 கிராம், ஐந்து சேர் ஒரு வீசை, 1.4 கிலோ. இவையெல்லாம் எடை என்பதால் கிராமுக்கு நேராக மாற்றலாம். "திராட்சை கால் வீசை" என்றால் 350 கிராம். ஆழாக்கு, உழக்கு, படி என்றிருந்தால் கொள்ளளவு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி. ஆனால் படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியது, ஒரே ஊரில் சின்னப் படியும் பெரிய படியும் இருந்தன. 1956-இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்த பிறகும் வீட்டுப் படிகள் அரிசிப் பானைக்குள்ளேயே இருந்துவிட்டன. பரணில் அந்தப் படி இன்னும் இருந்தால் கப்புக்குச் செய்தது போலத் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பாருங்கள். நோட்டும் படியும் ஒரே வீட்டுடையதாக இருந்தால்தான் கணக்கு சேரும். அந்தக் காலத்தில் படியைக் கோபுரமாகக் குவித்து அளந்தார்களா, தலைதட்டி அளந்தார்களா என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுப் பனிமூட்டம் எவ்வளவு கெடுக்கும்?

மலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் அடுப்படி வரை வந்துவிடுகிறது, டப்பாவைத் திறந்து வைத்தால் கிஸ்மிஸ் பிசுபிசுக்கிறது. பழம் ஈரம் குடித்தால் எடை ஏறும்தானே?

ஏறும், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. கிஸ்மிஸில் சுமார் 15 சதவீதம் ஈரம். அது 18 சதவீதமாக ஏறியதாக வைத்துக்கொள்வோம். 100 கிராமில் ஈரம் போக மிச்சம் 85 கிராம். அந்த 85 இப்போது மொத்தத்தில் 82 சதவீதம் என்றால் மொத்த எடை 85 ÷ 0.82, அதாவது 103.7 கிராம். நான்கு சதவீதம்கூட இல்லை. கப்பை அழுத்துவதா விடுவதா என்பதில் வரும் 14 சதவீதத்துக்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை. பனிமூட்டத்தின் மேல் பழி போடாமல் கையைக் கவனியுங்கள். ஈரத்தால் வரும் உண்மையான தொல்லை ஒட்டுதல்தான். ஒட்டிய பழம் கப்பில் சீராக விழாது. அங்கே கப்பை மறந்துவிட்டுத் தராசையே நம்புவது நல்லது. சேலத்தில் சித்திரை வெயிலில் திறந்து வைத்த பழம் இதற்கு நேரெதிராகக் காய்ந்து சுருங்கும். அதை அளக்கலாம், மெல்லத்தான் பல் வேண்டும்.

பெரிய சமையலுக்குப் பெருக்கும்போது

ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊரில் பாயசக் கணக்கு இல்லாமல் முடிக்க முடியாது. வீட்டில் ஆறு பேருக்கு ஜவ்வரிசிப் பாயசம் வைக்கும்போது கிஸ்மிஸ் இரண்டு மேசைக்கரண்டி போடுகிறீர்கள். சீமந்தத்துக்கு 150 பேர், அதாவது 25 மடங்கு. தலைதட்டிய கரண்டி என்றால் 30 மி.லி., 18 கிராம், 25 மடங்கு 450 கிராம். ஆனால் வீட்டில் யார் கரண்டியைத் தலைதட்டுகிறார்கள்? குவித்து அள்ளினால் இரண்டு கரண்டி 28 கிராம்கூட வரும், அப்போது 700 கிராம். 10 கிராம் வித்தியாசம் கால் கிலோ வித்தியாசமாகிறது. அதனால் ஐம்பது கரண்டி என்று சமையல்காரருக்குப் பட்டியல் எழுதாதீர்கள். அடுத்த முறை வீட்டில் பாயசம் வைக்கும்போது நீங்கள் வழக்கமாக அள்ளும் இரண்டு கரண்டியைத் தராசில் கொட்டிப் பார்த்து, அந்தக் கிராமைப் பெருக்குங்கள்.

கேக்குக்கு இதைவிடக் கவனம் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஒரு அமெரிக்கக் குறிப்பை எடுத்துக்கொண்டால், கிஸ்மிஸ் 2 கப், நறுக்கிய பேரீச்சை 1 கப், நறுக்கிய வால்நட் 1 கப், அத்தி அரைக் கப். அவர்கள் கப்பில் இது முறையே 290, 147, 117, 75 கிராம். கடைக்குப் போகும்போது கிஸ்மிஸ் 300, கொட்டையோடு பேரீச்சை 175, உடைத்த வால்நட் 125, அத்தி 100 என்று எழுதிக்கொண்டு போங்கள். மலைக்கு மேல் இருப்பவர்கள் கீழே இறங்கும்போதே வாங்கிவிடுவது உத்தமம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு 50 கிராம் குறைந்தது என்று யாரும் திரும்ப இறங்கப் போவதில்லை.

குறிப்பு முழுவதையும் 250 மி.லி. கப்பிலேயே அளந்தால் என்ன? மாவு, சர்க்கரை, பழம் எல்லாமே ஒரே விகிதத்தில் ஆறு சதவீதம் கூடும், பாதகமில்லை. முட்டை மட்டும் கப்பில் அளப்பதில்லை. நான்கு முட்டைக்குள் அடங்க வேண்டியது சற்றுக் கூடுதலாகிறது. ஒரு கரண்டி பால் சேர்த்தால் சரியாகும். பாதிப் பொருளைக் கிராமிலும் பாதியைக் கப்பிலும் அளப்பதுதான் ஆபத்து. ஏதாவது ஒரு வழியில் போங்கள்.

வீட்டிலேயே உலர்த்தினால்

மாம்பழமும் பலாவும் மலிந்து கிடக்கும் ஊரில் இதையும் கேட்பார்கள்: பச்சையாக எவ்வளவு எடுத்தால் காய்ந்தது எவ்வளவு வரும்? தோல், கொட்டை நீக்கிய சதையின் எடையை வைத்துத்தான் கணக்கு. மாம்பழச் சதையில் சுமார் 83 சதவீதம் தண்ணீர், மிச்சம் 17. 18 சதவீத ஈரம் வரை உலர்த்தினால் 17-ஐ 82-ஆல் வகுக்க வேண்டும், 0.21 வரும். ஒரு கிலோ சதைக்கு 210 கிராம். வாழைப்பழத்தில் 75 சதவீதம் தண்ணீர், 20 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் கிலோவுக்கு 310 கிராம். திராட்சையில் நாலு கிலோவுக்கு மேல் போட்டால் ஒரு கிலோ கிஸ்மிஸ். மாம்பழப் பட்டைகளைக் கப்பில் அளக்க வேண்டாம், நீளத் துண்டு எந்தக் கப்பிலும் ஒழுங்காக உட்காராது.

டப்பா வாங்கும்போது

கடையில் ஒரு லிட்டர் டப்பா என்று சொன்னதும் ஒரு கிலோ பிடிக்கும் என்று வாங்கிவிடுகிறோம். அதே வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கிஸ்மிஸுக்கு 1.64 லிட்டர் வேண்டும். அரைக் கிலோ கிஸ்மிஸ் ஒரு லிட்டர் டப்பாவில் அடங்கி மேலே விரல் விட இடம் இருக்கும். அரைக் கிலோ வால்நட் பாதிகள் அதே டப்பாவில் அடங்காது, 1.2 லிட்டர் கேட்கும். கண்ணாடி டப்பாவில் வைத்து விற்கும் பழத்தை வாங்கும்போதும் டப்பாவின் உயரத்தைப் பார்க்காமல் நிகர எடை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, விலையை அந்தக் கிராமால் வகுத்து லீ பஜார் விலையோடு ஒப்பிடுங்கள். மழைக்காலத்தில் ஏற்காட்டில் ஒரு பெரிய டப்பாவைவிட கால் கிலோ பிடிக்கும் 500 மி.லி. டப்பாக்கள் நான்கு மேல். ஒன்றைத் திறக்கும்போது மற்ற மூன்றும் ஈரம் குடிக்காமல் மூடியே இருக்கும்.